கோயில் கிணற்றின் மூன்று எண்கள்

குணம் மாமா இறந்த செய்தி வந்தபோது நான் மருதனார்மடத்தில் ரியூசன் வகுப்பில் இருந்தேன். கணித பாடம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. வாசலில் அப்பா மோட்டார் சைக்கிளோடு நின்றார். அப்பா ஒருநாளும் என்னை ஏற்ற வருவதில்லை; நான் சைக்கிளில்தான் போய் வருவேன். "சைக்கிள் இஞ்சை நிக்கட்டும், ஏறு," என்றார். சந்தை நெரிசலைத் தாண்டிய பிறகுதான் சொன்னார்: "குணத்தார் மோசம் போட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கேக்கை."

அந்த நேரம் நான் முதலில் நினைத்தது அவரை அல்ல, கிணற்று அளவுகள் எழுதிய அவருடைய கொப்பியை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் அதுதான் நடந்தது.

அவருடைய தங்கை பூமணி மாமி, முப்பத்தோராம் நாள் எல்லாருக்கும் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் என்னையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். "நீதானே பிள்ளை அவரோடை கிணறு கிணறா அலைஞ்சனி. ரெண்டு வரி எழுதித் தா," என்றார். இரண்டு வரி எழுதினேன். அதை அம்மாவும் அப்பாவும் பார்த்துவிட்டார்கள், நல்லது என்றார்கள். இது வேறு. வீட்டில் எல்லாரும் உறங்கிய பிறகு இதை எழுதுகிறேன். விடிந்ததும் மாமியின் கையில் நேரே கொடுப்பேன். அச்சில் போடுவதா என்று அவர் தீர்மானிக்கட்டும். முப்பத்தோராம் நாளுக்கு நோர்வேயிலிருந்து மாமாவோடு வேலை செய்தவர் வருகிறார். வந்து, மாமாவின் கொப்பியை நம்பி, முன்பள்ளியின் நிலத்தைக் கிண்டிக் குழாய் பதிக்கும் வேலையைத் தொடங்கப் போகிறார். அந்தக் கொப்பியில் மூன்று எண்கள் பொய். அவற்றை எழுதியவள் நான்.

மாமாவை உங்களுக்குத் தெரியும். வல்வெட்டித்துறையில் பிறந்தவர். இளமையில் கப்பலின் இயந்திர அறையில் வேலை செய்தார். அந்த இரைச்சலில் காது பாதி போனது. அதனால்தான் பக்கத்தில் நிற்பவரோடும் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கக் கதைப்பார். பிறகு நோர்வேயில் குடியேறினார். அங்கே அவர் செய்த வேலை இங்கே பலருக்குச் சரியாக விளங்கவில்லை. குளிர் நாட்டில் சில வீடுகளை நிலத்தின் வெப்பத்தால் சூடாக்குகிறார்கள். மேலே பனி கொட்டினாலும், கீழே கொஞ்சம் ஆழத்தில் நிலம் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். நிலத்தைத் துளைத்துக் குழாயில் தண்ணீர் ஓட்டி, அந்த வெப்பத்தை மேலே கொண்டுவந்து, ஓர் இயந்திரத்தால் கூட்டி வீட்டுக்குள் விடுவார்கள். எந்த நிலம் எவ்வளவு தரும் என்று துளைக்கும் முன்பே அளந்து சொல்ல வேண்டும். அந்த அளக்கிற வேலையைத்தான் மாமா செய்தார். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஊருக்கு, பூமணி மாமி வீட்டுக்கு வந்தும் அவர் அதை விடவில்லை.

எங்கள் வீட்டு வாழைத் தோட்டத்துக் கிணற்றில் முதன்முதல் கயிறு விட்ட அன்று, அடுத்த காணியில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருந்த சின்னராசா அண்ணை வேலியால் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணை, மேலை அடிக்கிற வெயில் காணாதெண்டோ நிலத்துக்குள்ளையிருந்தும் சூடு எடுக்கப் போறியள்?"

"எடுக்கேல்லையடாப்பா, குடுக்கப் போறன்! முன்பள்ளிப் பிள்ளையளின்ரை வெக்கையை நிலத்துக்குக் குடுக்கப் போறன்!"

"நிலம் வாங்குமோ?"

"அதைத்தானே கேட்டுக்கொண்டு திரியிறன்!"

சின்னராசா அண்ணை நீர்வேலிச் சந்தை முழுக்க இதைச் சொல்லிச் சிரித்தார். ஆனால் மாமா பகிடியாகச் சொல்லவில்லை. கோயிலுக்குப் பக்கத்து முன்பள்ளிக்குத் தகரக் கூரை. பத்து மணிக்குப் பிறகு உள்ளே இருக்க முடியாது. சுகந்தி ரீச்சர் பிள்ளைகளின் தலையில் நனைத்த துவாயைப் போட்டுவிட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பார். போன வருடம் ஒரு சின்னப் பிள்ளை மயங்கி விழுந்தது. கிணற்றுத் தண்ணீரை வகுப்பறைத் தரைக்குக் கீழே போட்ட குழாய்களால் சுற்றி ஓடவிட்டு, இன்னொரு பழைய கிணற்றில் திருப்பி விட்டால், அந்த அறையின் வெக்கையைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும் என்பது மாமாவின் எண்ணம். அதற்குக் கோயில் கிணறு கோடையிலும் சூடேறாமல் இருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று ஒரு வருடம் பார்க்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வேறு ஐந்து கிணறுகளையும் தெரிந்தெடுத்தார்.

அளக்கும் முறை எளிது. மூடி போட்ட ஒரு தகரப் பேணிக்குள் வெப்பமானியைக் கட்டி, கயிற்றில் அடித்தண்ணீர் வரை விட வேண்டும். பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். பேணி நிறைந்த தண்ணீரோடு சட்டென்று மேலே இழுத்து, காற்றுப் பட்டு மாறும் முன் வாசிக்க வேண்டும். முதல் பேணி ரின்மீன் பேணி. அதைக் கோயில் கிணற்றடிக்கு அவர் கொண்டுபோனபோது தர்மகர்த்தா வாங்கி மணந்து பார்த்தார்.

"குணம், உது மீன் ரின்னெல்லோ?"

"நல்லாக் கழுவினதண்ணை."

"நீ கழுவுவாய். முருகன் அதிலை தோய்வாரோ? அபிஷேகத் தண்ணி இது."

அன்றைக்கு அளக்கவில்லை. மாமா முறைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பால்மா வாங்கி, மாவை மாமியிடம் கொடுத்துவிட்டுப் பேணியோடு திரும்பி வந்தார். பால்மாப் பேணியைத் தர்மகர்த்தா தடுக்கவில்லை. "பசுவிலையிருந்து வந்ததுக்கு அனுமதி, கடலிலையிருந்து வந்ததுக்கு இல்லை. முருகன் கடற்கரையிலையும் இருக்கிறாரெண்டு உங்களுக்கு ஆர் சொல்லுறது!" என்று வீதி முழுக்கக் கேட்கச் சொன்னார். தர்மகர்த்தாவும் சிரித்துவிட்டார்.

முழங்கால் நோவால் அவரால் கிணற்றுக்கட்டில் குனிந்து நிற்க முடியாது. அதனால்தான் என்னைக் கேட்டார். எனக்கு எண்கள் வடிவாக எழுத வரும், சைக்கிளும் இருக்கிறது. நான்கு கிழமைக்கு ஒருமுறை, சனிக்கிழமை காலையில் ஆறு கிணறுகள். நான் வாசித்து எழுதுவேன். பின்னேரம் அவர் கொப்பியை வாங்கித் தேத்தண்ணியோடு பார்ப்பார். என்னோடு அவர் சின்னப் பிள்ளையோடு கதைப்பதுபோலக் கதைத்ததில்லை. சண்டையும் பிடிப்பார். ஒருமுறை நான் பத்து நிமிடம் பொறுக்காமல் இழுத்துவிட்டேன் என்று இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை.

மார்கழியில் திருவெம்பாவைக்குப் போக விடியற்காலையில் கிணற்றில் அள்ளிக் குளித்தோம். தண்ணீர் இதமான சூடாக இருந்தது, ஆவி பறந்தது. அன்று பின்னேரம் நான் அவரிடம், "மாமா, கிணறு மாரியிலை சூடேறுது. உங்கடை கணக்குப் பிழை," என்று சொன்னேன். அவர் மறுக்கவில்லை. வெப்பமானியைத் தந்து, "நாளைக்குக் குளிக்க முந்திப் பார். காத்தையும் பார், தண்ணியையும் பார்," என்றார். மறுநாள் இருட்டில் நடுங்கிக்கொண்டு பார்த்தேன். காற்று இருபத்திரண்டு பாகை. தண்ணீர் இருபத்தெட்டுச் சொச்சம், போன மாதம் எழுதிய அதே எண். போய்ச் சொன்னேன். "தண்ணி இருந்தபடிதான் இருக்கு. உனக்குத்தான் குளிருது," என்றார். பிறகு, "இதுக்குத்தான் பிள்ளை அங்கை சனம் வீட்டுக்குக் கீழை ஓட்டை போடுது," என்றார். நோர்வே வீடுகள் எனக்கு அன்றுதான் விளங்கின.

இனி, நான் சொல்ல வந்தது.

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை எனக்கு வீட்டுக்குத் தூரமான நாளில் வந்தது. எங்கள் வீட்டில் அந்த நாட்களில் தோட்டத்துக் கிணற்றுக்குப் போவதை அம்மா இப்போது தடுப்பதில்லை. கோயில் வேறு. கோயில் மதிலுக்குள் கால் வைப்பதில்லை. ஐந்து கிணறுகளை அளந்தேன். கோயில் கிணற்றுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டேன்.

அன்று பின்னேரம் மாமா கொப்பியோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். அப்பாவும் தர்மகர்த்தாவும் வாசலில் நின்று திருவிழாவைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளை, கோயில் கிணறு ஏன் வெறுமையாக் கிடக்கு?"

நான் அப்பாவைப் பார்த்தேன். என் பதில் தன் காதில் விழவில்லை என்று நினைத்து மாமா இன்னும் பலமாகக் கேட்டார்.

"போகேல்லையோ? ஏன் போகேல்லை? மற்றதெல்லாம் போயிருக்கிறாய்!"

அப்பா நிலத்தைப் பார்த்தார். தர்மகர்த்தா துவாயால் முகத்தைத் துடைத்தார். ஒழுங்கையில் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடலிலும் நோர்வேயிலும் ஆண்களோடேயே வாழ்ந்தவர். அவருக்கு மகளும் இல்லை.

"வெறுமையா விட்டது சரி," என்றார் கடைசியில். "தெரியாததை எழுதப்படாது. ஆனா ஏன் வெறுமையெண்டு பக்கத்திலை ஒரு வரி எழுது. பேந்து பாக்கிறவனுக்குத் தெரிய வேணும்."

அந்த ஒரு வரியைத்தான் என்னால் எழுத முடியவில்லை. அன்றைக்கு உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்தியதும் நான் தீர்மானித்தேன், இனி வெறுமையாக விடுவதில்லை என்று.

சித்திரைச் சனிக்கிழமையும் அதே நாட்களில் வந்தது. கோயில் வாசல் வரை சைக்கிளில் போனேன். வெளியே பத்து நிமிடம் நின்றேன். பிறகு மாசி மாதத்து எண்ணைப் பார்த்து, அதில் பத்தில் ஒரு பாகையைக் கூட்டி எழுதினேன். அப்படியே எழுதினால் சந்தேகம் வரும் என்று கூட்டினேன். வைகாசியிலும் ஆனியிலும் அப்படியே செய்தேன். அந்த மாதங்களில் மற்ற ஐந்து கிணறுகளும் சூடேறியிருந்தன. மழை இல்லை, தண்ணீர் இறங்கிவிட்டது, தோட்டக்காரர் இரவு பகலாக இறைத்தார்கள். எங்கள் கிணறு முப்பதைத் தாண்டியது. கோயில் கிணறு மட்டும் என் கொப்பியில் இருபத்தெட்டுச் சொச்சத்திலேயே அசையாமல் இருந்தது.

ஆனிக் கடைசியில் முன்பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்தது. மாமா வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து கொப்பியைத் தூக்கிக் காட்டினார். "மற்றக் கிணறெல்லாம் கோடைக்குப் பயந்து போச்சுது. கோயில் கிணறு அசையேல்லை! இதுக்கு மேலை என்ன வேணும்?" சுகந்தி ரீச்சர் அழுதுவிட்டார். தர்மகர்த்தா தண்ணீர் எடுக்க எழுத்தில் அனுமதி தந்தார். மாமாவை அப்படிச் சிரித்த முகத்தோடு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "அளந்தது இந்தப் பிள்ளை," என்று எல்லாருக்கும் முன் என்னைக் காட்டினார். கைதட்டினார்கள். நான் தண்ணீர் குடிக்கப் போவதுபோல வெளியே போனேன்.

ஆடியில் நாட்கள் மாறிவிட்டன. நானே கோயில் கிணற்றுக்குப் போய் அளந்தேன். இருபத்தொன்பதரை. மூன்று முறை விட்டு இழுத்தேன். மாறவில்லை. அதை அப்படியே எழுதினேன். எண்கள் பொருந்தாததை மாமா கண்டுபிடிப்பார், என் பிழை அதோடு வெளியே வந்துவிடும், நான் வாய் திறக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. கிணற்றைச் சந்தேகித்தார். சித்திரையில் ஏறாதது ஆடியில் ஏன் ஏறுகிறது என்று யோசிக்கத் தொடங்கினார். தர்மகர்த்தாவிடம் திருவிழாவுக்கு எவ்வளவு இறைத்தீர்கள் என்று கேட்டார். கிணற்றைப் பழைய காலத்தில் ஆழமாக்கியவர்களின் பிள்ளைகளைத் தேடிப் போனார். நோர்வேக்குத் தொலைபேசி எடுத்து மணிக்கணக்காகக் கதைத்தார். மேசையில் படம் படமாகக் கீறி வைத்திருந்தார்: கல்லுக்குள் எந்தப் பக்கத்தால் தண்ணீர் வரும், கோடை வெக்கை கீழே இறங்க எத்தனை மாதம் எடுக்கும் என்று. கடைசியில் திருவிழா இறைப்புத்தான் காரணம் என்று ஒரு முடிவுக்கு வந்தார். ஆனாலும் அது அவருக்கு முழுதாகப் பொருந்தவில்லை. பொருந்தாத எதையும் அவரால் விட முடியாது.

ஒரு பின்னேரம் சொல்லிவிடுவது என்று போனேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்களைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"வா பிள்ளை. இந்தக் கிணறு எனக்கு விளையாட்டுக் காட்டுது."

"மாமா..."

"என்ன? பலமாச் சொல்லு."

பக்கத்து அறையில் பூமணி மாமியும் விருந்துக்கு வந்தவர்களும் இருந்தார்கள். பலமாகச் சொல்ல வேண்டிய விடயம் அது.

"ஒண்டுமில்லை மாமா. சும்மா வந்தனான்."

"சும்மா வந்தாலும் நல்லதுதான். இந்தப் படத்தைப் பிடி."

படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதில் அம்புக்குறி போட்டார். அதற்குப் பிறகு எட்டு நாள்தான் இருந்தார்.

செத்தவீடு முடிந்து ஒரு கிழமையில் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அம்மா குழவியை அம்மியில் வைத்தார். "அண்டைக்கு நீ கோயிலுக்குள்ளை போயிருந்தா நான் அடிச்சிருப்பன். போகாமல் எழுதினதுக்கும் நான்தான் அடிக்கோணுமோ?" என்றார். அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தால், "இருபத்தெட்டோ இருபத்தொன்பதோ, ஆர் பாக்கப் போகினம்? மனுசனும் போட்டார். உதைப் போய்க் கல்வெட்டிலை எழுதி ஊரைச் சிரிக்கப் பண்ணாதை. கொப்பருக்குத் தெரிஞ்சால் வெளியிலை தலை காட்டமாட்டார்," என்றார்.

அம்மா சொன்னது முழுக்கப் பிழை என்று என்னால் சொல்ல முடியவில்லை. எனக்கு அப்பாவை நினைக்கப் பயமாக இருக்கிறது. பாடசாலையில் பெடியள் இதை வாசிப்பார்கள் என்பதும் பயமாக இருக்கிறது. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முன்பள்ளியின் சீமெந்து நிலத்தைக் கிண்டிக் குழாய் பதித்து, மூடி, அடுத்த சித்திரையில் தண்ணீரைத் திறக்கும்போது அறை குளிராவிட்டால், சின்னராசா அண்ணை முதல் எல்லாரும் குணம் மாமா பிழையாகக் கணக்குப் பார்த்தார் என்றுதான் சொல்வார்கள். அவர் பிழையாகப் பார்க்கவில்லை. தரப்பட்ட எண்களைச் சரியாகப் பார்த்தார்.

ஆகவே நோர்வேயிலிருந்து வருகிறவருக்கு: பங்குனியில் கோயில் கிணற்றுக்கு எதிரே உள்ள வெற்றிடம் உண்மையானது. சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் அதே கிணற்றுக்கு எதிரே உள்ள மூன்று எண்களையும் வெட்டிவிடுங்கள். ஆடி மாத எண் சரி. மற்ற ஐந்து கிணறுகளின் எண்கள் எல்லாம் சரி. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் பொறுத்தேன். கோயில் கிணறு கோடையில் எவ்வளவு சூடேறும் என்று யாருக்கும் இன்னும் தெரியாது. அது உதவாது என்றும் நான் சொல்லவில்லை. தகரத்தின் கீழ் முப்பத்தாறு பாகை இருக்கும்போது இருபத்தொன்பதரைத் தண்ணீரும் உதவக்கூடும். அதைக் கணக்குப் பார்க்க வேண்டியவர் நீங்கள். தயவுசெய்து அடுத்த கோடை முடியும் வரை நிலத்தைக் கிண்ட வேண்டாம்.

மாமாவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பொருட்களில் ஒன்றல்ல. அவர் ஊருக்கு வந்த புதிதில், முதல் கிணற்றை அளக்கும் முன்பே, சுகந்தி ரீச்சர் அவரிடம் கேட்டார்: "அண்ணை, இது சரிவருமோ?" எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். நோர்வேயில் அத்தனை வருடம் இந்த வேலையே செய்தவர். "தெரியாது ரீச்சர்," என்றார், வழக்கமான அதே பலத்த குரலில். குரலைத் தாழ்த்தவில்லை, சிரித்து மழுப்பவில்லை, வேறு கதைக்குப் போகவில்லை. பெரியவர் ஒருவர் அந்தச் சொல்லை அப்படிச் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதைத்தான் வைத்துக்கொள்கிறேன். கொஞ்சம் பிந்தித்தான் எடுத்துக்கொண்டேன்.

கொப்பி இப்போது என்னிடம் இருக்கிறது. மாமாவின் செத்தவீட்டோடு ஆவணி, புரட்டாசி அளவுகள் தவறிப்போயின; அடுத்த அளவு ஐப்பசி இரண்டாம் சனிக்கிழமை. தோட்டத்துக் கிணறுகள் ஐந்தையும் நான் பார்த்துக்கொள்வேன். கோயில் கிணற்றுக்கு, என்னால் உள்ளே போக முடியாத மாதங்களில், இன்னொருவர் வேண்டும். கயிறு விடத் தெரிய வேண்டியதில்லை. நான் சொல்லித் தருவேன். பத்து நிமிடம் பொறுக்கத் தெரிந்தால் போதும். காலை ஆறரை மணிக்குக் கோயில் வாசலுக்கு வெளியே நிற்பேன். ஏன் வெளியே நிற்கிறாய் என்று இனி யாரும் என்னிடம் கேட்கத் தேவையில்லை.